கேமரா பையில் இருந்த ஊசித்துளைகள்

தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. பதப்படுத்தி வந்த தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். உண்ணி கடித்த தடம், முள்கம்பி கிழித்த கோடு, சூடு போட்ட அடையாளம் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். வட்டம் போட்டுவிட்டால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. பத்தாவதோடு படிப்பை விட்டவன், நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவன், எனக்கு அந்த வேலை பிடித்திருந்ததற்கு அதுதான் காரணம்.

போட்டோ எடுக்கிற ஆசையும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். அதிலும் பேச்சு கிடையாது. பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு சிட்லபாக்கம் ஏரியையும், மாடியில் காயும் துணியையும், மழைக்குப் பிறகு சுவரில் படிகிற பாசியையும் எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு படம் முடிய மூன்று மாதம் ஆகும். கழுவி வந்தால் ஆறு தேறும். டிஜிட்டலில் எடுத்த உடனே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து தூக்கம் போயிற்று. லென்ஸ் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா புதிதாக வாங்க என்னால் முடியாது. பழையது கிடைக்குமா என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிற ஏரியா பேப்பரில் விளம்பரம் விளம்பரமாகத் தேடினேன்.

அப்போது மகளுக்குக் கோவிலம்பாக்கத்தில் பேசி முடித்திருந்தோம். நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தா, எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர், மார்க்கத்தில் கண்டிப்பானவர், பேச்சில் அதைவிடக் கண்டிப்பு. எங்களைப் பற்றிப் பல்லாவரத்தில் நாலு இடத்தில் விசாரித்த பிறகுதான் வீட்டுக்குள் வந்து டீ குடித்தார். மகள் இந்த வீட்டை விட்டுப் போவதற்குள், சமையல்கட்டில் நிற்பதையும் தம்பியோடு சண்டை போடுவதையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் அவசரம். என் மனைவிக்கு அது புரிந்தது. ஆனாலும் ஒன்றைச் சொன்னாள். "இந்த நேரத்துல எந்த வம்பும் வூட்டு வாசலுக்கு வரக்கூடாதுங்க. அவங்க காதுக்கு ஒரு சொல்லு போனாப் போதும்."

நான் ரோல் கழுவக் கொடுக்கிற கலர் லேபில் கவுன்டரில் இருந்தவர் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார், உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதே. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பார், கரும்புள்ளி இருந்தால் யோசி. பில் இல்லாமல் தொடவே தொடாதே, திருட்டுப் பொருளாக இருந்தால் வாங்கினவனைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

ஒரு விளம்பரம் கிடைத்தது, பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் போட்டிருந்தது. அந்த நம்பருக்கு என் மச்சான்தான் பேசினான். மனைவியின் தம்பி, மேடவாக்கத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். எனக்கு வராத பேச்சு முழுவதும் அவனிடம் இருக்கிறது. விற்கிறவர் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. கடைக்கும் சொல்லவில்லை. கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரியின் பெயரைச் சொல்லி, சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார். அதைக் கேட்டதும் லேப்காரர் சொன்ன மூன்றாவது விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது.

பேக்கரியில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை கண்ணாடிக் கதவு திறக்கும்போதும் தோள் லேசாகக் குறுகியது. கேமராவைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

நான் லென்ஸைக் கழற்றச் சொல்லி, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பேக்கரிச் சுவரை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. கைப்பிடி ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருந்தது, ஆனால் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. ஒரே கை, பல வருடம். பொத்தானை அழுத்தியபோது உள்ளே கேட்ட அந்தச் சத்தம் என் மார்புக்குள் கேட்டது. ஆசை வந்துவிட்டது.

பிறகு பையைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தவறு, அல்லது நான் செய்த ஒரே சரியான காரியம்.

நல்ல மாட்டுத் தோல். கடையில் விற்கிற பை இல்லை, ஆள் வைத்துத் தைத்தது. மூடியின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் மற்ற இடத்தைவிட நிறம் குறைந்திருந்தது. வெயில் படாத தோல் அப்படித்தான் இருக்கும். அதன் மேல் யாரோ ஷூ பாலிஷ் தேய்த்து நிறத்தைச் சரி செய்ய முயன்றிருந்தார்கள். வாசனை இன்னும் போகவில்லை. சதுரத்தைச் சுற்றி வரிசையாக ஊசித்துளைகள். அங்கே ஒரு பெயர்ப்பட்டை இருந்திருக்கிறது. அதைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள்.

என் விரல் தன்னால் அந்தச் சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டது. கையில் சாக்பீஸ் இருந்திருந்தால் போட்டே இருப்பேன். விற்கிறவர் அதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. மறுபடி சுவரைப் பார்த்தார்.

நான் கேட்டிருக்க வேண்டும். "இங்க என்ன இருந்தது?" என்று மூன்று வார்த்தை. மேசையில் வட்டம் போட்டால் சூப்பர்வைசர் வந்து பார்த்துக்கொள்வார் என்று இருபது வருடம் பழகியவனுக்கு, அந்த மூன்று வார்த்தை வரவில்லை. பில் எங்கே என்று மச்சான் கேட்டதற்கு, மழைத் தண்ணீர் கடைக்குள் வந்தபோது போய்விட்டது என்றார். எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை. நான் பேசாமல் இருப்பதை மச்சான் விலை படியவில்லை என்று எடுத்துக்கொண்டான். விற்கிறவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். இரண்டு தடவை அவராகவே குறைத்தார். "எங்க மாமா வாயத் தொறக்கலன்னா அவருக்குத் திருப்தி இல்லன்னு அர்த்தம்" என்று மச்சான் சிரித்தான். முடித்துவிட்டான். பணம் கை மாறியது. விற்றவர் ஸ்கூட்டரில் ஏறிச் சட்டென்று போய்விட்டார். மச்சான் மேடவாக்கம் பஸ்ஸைப் பிடித்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் மொபெட்டில் கிளம்பினேன். பொருள் கைக்கு வந்த பிறகுதான் பயம் முழுதாக வந்தது. இப்போது இது என் தோளில் இருக்கிறது. தாம்பரத்தில் தண்டவாளத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிக்கும் வரை, பின்னால் வருகிற ஒவ்வொரு ஹாரனும் என்னைத்தான் கூப்பிடுவது போல் இருந்தது. அந்தப் பட்டையில் யார் பெயர் இருந்திருக்கும்? அந்த ஆள் இந்நேரம் ஏதாவது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பானோ?

சானடோரியம் தாண்டியதும் ரோட்டில் தடுப்பு வைத்து வண்டிகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேப்பரைத் திறந்தால் குண்டு, சந்தேகப்படும்படியான நபர் என்று செய்தி வந்துகொண்டிருந்த வருடம் அது. கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். லைசன்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. லைசன்ஸை வைத்துக்கொண்டே என் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு தோளைப் பார்த்தார்.

"பையில இன்னா?"

"கேமரா சார்."

"உன்னுதா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. "என்னுது இல்ல சார்" என்றேன்.

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "உன்னுது இல்லன்னா யாருது?"

வாங்கினது என்றேன். இப்போதுதான் வாங்கினேன் என்றேன். பில் இல்லை என்றேன். ஒவ்வொரு பதிலும் முந்தைய பதிலைக் கெடுத்தது. வாங்கியது என்றால் உன்னுடையதுதானே, அப்புறம் ஏன் இல்லை என்கிறாய் என்று கேட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக நில் என்றார்.

ஹெல்மெட்டைக் கழற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. அது வரை என் முகம் யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணி. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அந்த ரோட்டில்தான் வீட்டுக்குப் போவார்கள். மாப்பிள்ளையின் அத்தா சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கடைக்குச் சரக்கு எடுக்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருவார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலிலும் அவர் தாடி தெரிந்தது. போலீஸ்காரர் பக்கத்தில், கையில் திருட்டுப் பையோடு, தலையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன். மகளை நினைத்தேன். அவளுக்காக வாங்கப் போய் அவளுக்கே இப்படிச் செய்துவிட்டேனே என்று நினைத்தேன்.

விற்றவனின் நம்பர் இருக்கும் அல்லவா, போடு என்றார் கான்ஸ்டபிள். போட்டேன். விளம்பரத்தைப் பார்த்து செல்லில் ஏற்றி வைத்திருந்த நம்பர்தான். மறுபக்கம் அவர் விஷயத்தை முழுதாகக் கேட்டார், எந்த இடம் என்று கேட்டார். பிறகு, "அங்கேயே இருங்கண்ணா, வரேன்" என்று மட்டும் வந்தது.

வர மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திருடனாக இருந்தால் எப்படி வருவான்? கால் மணி நேரம், இருபது நிமிஷம். கான்ஸ்டபிள் மற்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நடுநடுவே என்னைப் பார்த்தார். நான் பையின் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது. மேல் வரிசையில் மூன்றாவதும் நாலாவதும் நெருங்கி இருந்தன, தைத்தவருக்குக் கை நழுவியிருக்கிறது. திரும்ப எண்ணினேன். வேறெதையும் பார்க்கத் தைரியம் இல்லை.

ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போட்டிருக்கவில்லை. ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்து நீட்டினார். சதுரமாக இருந்தது. அதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பெயர் அச்சு அழுத்தியிருந்தது. என் கடைதான் சார், நான்தான் பிரித்தேன் என்றார். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துக்கொண்டு வரலாமே என்றார் கான்ஸ்டபிள்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. துண்டை வாங்கி மூடியின் மேல் வைத்தேன். "கையால போட்ட தையல் சார். மிஷின்னா துளை ஒரே இடைவெளியா விழும். இங்க பாருங்க, மூணும் நாலும் நெருங்கி இருக்கு. இதுலயும் மூணும் நாலும் நெருங்கி இருக்கு. வேற பட்டை இதுல உக்காராது." கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். பத்தொன்பதும் பத்தொன்பதில் உட்கார்ந்தன.

அவர் பட்டையில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அட, சேலையூர்ல கீதே, அந்த ஸ்டுடியோவா? எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நீதானே எடுத்தே? ஏம்ப்பா, கடைய மூடிட்டியா?"

"இல்ல சார். பழசு, அதான் குடுத்துட்டேன்" என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது.

கான்ஸ்டபிள் அடுத்த வண்டியைப் பார்க்கப் போனபோது அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பணமுடையில்தான் விற்றாராம். தை மாதத்துக்கு நாலு கல்யாணம் வாய் வார்த்தையாகப் பேசியிருக்கிறாராம். கேமராவை விற்றுவிட்டான் என்று ஏரியாவில் தெரிந்தால் நாலு பேரும் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். இன்னொரு பழைய கேமராவை வைத்து எப்படியாவது அந்த நாலையும் எடுத்துவிடலாம் என்று இருந்தாராம். "பேக்கரியில நீங்க விரல வச்சப்பவே நெஞ்சு நின்னு போச்சுண்ணா. நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

பட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு யாராவது நிறுத்தினால் காட்டலாம் என்றார்.

கான்ஸ்டபிள் திரும்பி வந்து, இவ்வளவு ஆகிவிட்டது, என்னை ஒன்று எடு, வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று தொப்பியைச் சரி செய்துகொண்டு நின்றார். எடுத்தேன். பேக்கரிச் சுவரைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்தக் கேமராவில் என் முதல் படம் அது. லைசன்ஸைக் கொடுத்து அனுப்பினார்.

மூன்று வாரமும் கதவு தட்டும் ஓசை கேட்டாலே எனக்கு வியர்த்தது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நிச்சயத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையின் அத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு சானடோரியம் கிட்ட உங்களப் பாத்தேன்" என்றார். வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "போலீஸ்காரரையெல்லாம் நிக்க வச்சு போட்டோ எடுக்கிறீங்க. பெரிய ஆளுதான்." சிரித்தார். அவர் பஸ் கடந்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான் போலிருக்கிறது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் வெற்றிலையை மென்றேன்.

மகளை அதில் நிறைய எடுத்தேன். சமையல்கட்டில், மாடியில், பர்தாவைச் சரி செய்கிற கண்ணாடி முன்னால். அவை நன்றாகவே வந்திருக்கின்றன.

முதல் படத்தை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. அவசரத்தில் ஃபோகஸ் தவறி ஓரத்துக்குப் போய்விட்டது. கான்ஸ்டபிள் மங்கலாக இருக்கிறார். ஓரத்தில், ஸ்கூட்டரை உதைக்கக் குனிந்த விற்றவர் தெளிவாக விழுந்திருக்கிறார். வண்டியைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, ரோட்டின் இரண்டு பக்கமும் யார் பார்த்தார்கள் என்று தேடுகிறார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் படத்தில்தான் பார்த்தேன்.

பட்டை இன்றும் லைசன்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தத் தை மாதக் கல்யாணங்கள் நாலும் அவருக்கு நின்றனவா, போயினவா, எனக்குத் தெரியாது. கேம்ப் ரோடு வழியாகப் பல தடவை போயிருக்கிறேன். அவர் கடைத் தெருவுக்கு ஒரு திருப்பம்தான். கடை மூடிக் கிடக்குமோ என்று, அங்கே வண்டியைத் திருப்ப எனக்குப் பயமாக இருக்கிறது.