பாலத்து மேட்டில் நின்ற கரண்டு வண்டி

ஆடிப்பெருக்கன்றுதான் மோட்டார் முதன்முதலாகச் சுழன்றது. வீட்டில் எல்லோரும் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் தம்பியும் கொட்டகையை விட்டு வரவில்லை.

குட்டி யானை என்று ஊரில் சொல்லும் சின்ன டீசல் லோடு வண்டி அது. எஞ்சினைக் கழற்றிவிட்டு, திருச்சி காயலான் கடையில் கிடைத்த, சரக்கு தூக்கும் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்றின் மோட்டாரைப் பூட்டியிருந்தோம். ஆக்சிலேட்டரை மிதிக்கும் அளவுக்கு ஏற்ப மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலரை நாங்களே செய்தோம். சர்க்யூட்டைப் படித்து வரைந்தது நான். பற்றவைத்தது தம்பி.

அவன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். முந்தைய கோடையில் வேலையிடத்தில் மயங்கி விழுந்து, சிறுநீரகம் பழுதாகித் திரும்பியவன். இனி அந்த வெயிலில் நிற்கவே கூடாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மறுபடி விசா வந்திருந்தது. மெடிக்கல் டெஸ்டைத் தானே பார்த்துக்கொள்வதாக ஏஜெண்ட் சொன்னார். தீபாவளிக்குள் பதில் வேண்டுமாம். எங்கள் வண்டி நெல் மூட்டையோடு ஓடிவிட்டால், அக்கம்பக்கத்து வண்டிகளையும் இப்படி மாற்றிக்கொடுத்து இங்கேயே பிழைத்துக்கொள்வது, இல்லையென்றால் கிளம்புவது. அவனும் அவன் மனைவியும் அப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள்.

ஆவணி முழுக்க நீடாமங்கலம் சாலையில் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. எங்கள் பக்கம் பூமி தாம்பாளம் மாதிரி. மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஒன்றுதான். அதையும் வந்த வேகத்திலேயே ஏறிவிடுவோம். வெள்ளம் வந்த வருஷம், மதகு கட்டிய வருஷம் என்று தேடிக் குறிப்பது என் பொழுதுபோக்கு. அந்தப் பாலம் எந்த வருஷத்தது என்று எனக்குத் தெரியும். அதன் சரிவைப் பற்றி யோசித்ததில்லை.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை குறுவை நெல்லை ஏற்றிக்கொண்டு அக்கரையிலிருந்த கொள்முதல் நிலையத்துக்குப் புறப்பட்டோம். அங்கிருந்து டிராக்டர்களின் வரிசை பாலம்வரை நீண்டிருந்தது. ஏறும் பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. டீசல் வண்டியை அரை கிளட்சில் மேட்டில் நிறுத்துவதுபோல, தம்பி ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைத்திருந்தான். பேட்டரி மின்சாரத்தைக் காட்டும் மீட்டரில் முள் கீழேயே இருந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் நின்ற டிராக்டர்காரர் கத்தினார்.

“யோவ் மாப்ள, கரண்டு வண்டில பொகையே வராதுன்ன? உள்ள சாம்பிராணி போடுறியா?”

வரிசையே சிரித்தது. அடுத்த நொடி பட்டென்று ஒரு சத்தம். வண்டி பின்னோக்கி உருண்டது. தம்பி பிரேக்கை மிதித்தும், டிராக்டரில் இடித்துத்தான் நின்றது. மூட்டைகள் சரிந்து, இரண்டு வாய் பிளந்து, நெல் சாலையில் ஓடியது.

“எறங்குங்க, எறங்குங்க. அடிகிடி பட்டுச்சா?” அதே டிராக்டர்காரர்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவரே எங்களைக் கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டார். கண்ட்ரோலரைத் திறந்தால், மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் மாஸ்ஃபெட்டுகள் அத்தனையும் கருகியிருந்தன. காரணம் சீக்கிரமே புரிந்தது. பேட்டரியிலிருந்து வருவதைத்தான் அளந்தோம். மோட்டார் சுழலாமல் நிற்கும்போது அதற்குள் ஓடுவது அதைப்போலப் பல மடங்கு. வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, வயல் மூழ்கியதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

“அளக்குற சென்சார மோட்டார் பக்கம் மாத்தினா போதும்டா. ஒரு வாரம் பொறு.”

“ஊரே பாத்துச்சுண்ணே. இனிமே எவன் தன் வண்டிய அவுக்கக் குடுப்பான்?”

நான் கருகிய மாஸ்ஃபெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

“மாமா, டாக்டர் சொன்னத நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மாமா,” என்றாள் அவன் மனைவி. சொன்னேன். அவன் சிந்திக்கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வாரம் விமானம் ஏறினான்.

சித்திரை பிறந்ததிலிருந்து தினமும் போன் செய்கிறேன்.

“தண்ணி குடிக்கிறியாடா?”

“குடிக்கிறேன்ணே.”

“நெறைய?”

“நெறையத்தாண்ணே.”

கழிப்பறை தூரம், போய் வந்தால் சூப்பர்வைசர் முறைப்பான் என்று அங்கே பகலில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவனே சொன்னதுதான். வெயிலைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் போனை வைத்துவிடுகிறான்.