நீலமாக வந்த கருப்பி

காத்தவராயன் எதை வரைந்தாலும் உயிரோடு வந்துவிடும். அப்படியொரு வரம் அவன் கையில். என்ன, அவனுக்கு வரையத்தான் வராது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பன்னிரண்டு வருடமாகக் கோப்பைக்குப் பூப்போடுகிறவன். பூவால் ஒரு வம்பும் இல்லை, அது முதலாளி கொடுத்த மாதிரி. சொந்தமாக ஆசைப்பட்டு எதையாவது சுடாத தட்டில் வரைந்து சூளைக்கு அனுப்பினால்தான் வினை. கதவைத் திறக்கும்போது தட்டு வெறுமையாக இருக்கும். வரைந்தது முழு உருவத்தில் பக்கத்தில் நிற்கும், அவன் வரைந்த லட்சணத்திலேயே. ஒரு தடவை வரைந்த குருவிக்கு இறக்கை சின்னதாகிவிட்டது. பாவம், அது பட்டறை முழுக்க நடந்தே திரிகிறது.

"ஓவியரே, ஒங்க குருவி மறுபடியும் என் சோத்துல ஏறிடுச்சு" என்பார் சூளைக்காரர் கோவிந்தராசு. பள்ளிக்கூட ஓவியப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவனாக்கும் நான் என்று காத்தவராயன் நிமிர்ந்து நிற்பான். போட்டிக்கு வந்ததே மூன்று பேர் என்பதை மட்டும் மென்று விழுங்கிவிடுவான்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவன் மனைவி ஆதிலட்சுமி கோபித்துக்கொண்டு திட்டக்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குட்டியிலிருந்து அவள் வளர்த்த ஆடு கருப்பி. "செத்த நேரம் கட்டிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள். நம் ஓவியரோ மேகத்தில் யானை தெரிகிறதா என்று அண்ணாந்து நின்றார். ஆடு ரோட்டுக்குப் போனது, நிலக்கரி லாரி வந்தது.

"வூட்டு ஆட்டையே பாக்கத் தெரியல, நீங்க என்னாத்த படம் வரையறீங்க?" அவ்வளவுதான் கேட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று வாரம் ஆயிற்று. மைத்துனனின் செல்போனுக்கு அடித்தால், "அக்கா பேச மாட்டேங்குது மாமா" என்றான். காத்தவராயனுக்குச் சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது, உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் ஒரு வெட்கங்கெட்ட யோசனை வந்தது. அவளையே வரைந்துவிட்டால் என்ன?

தட்டை எடுத்து முகம் போட்டான். மூக்குத்தி எந்தப் பக்கம்? எட்டு வருடம் குடும்பம் நடத்திய மகராசனுக்குத் தெரியவில்லை! தப்பான பெண்டாட்டி வந்து நின்றால் இரண்டு பேருக்குமல்லவா பதில் சொல்ல வேண்டும்? பயந்துபோய்த் தட்டைத் தண்ணீரில் கரைத்துவிட்டான்.

ஆடுதான் பத்திரம். கன்னங்கரேலென்றிருந்த சாயத்தைத் தொட்டு ஆசை ஆசையாக வரைந்தான். கால் நாலு இருக்கிறதா என்று இரண்டு தடவை எண்ணியும் பார்த்தான்.

சூளையைத் திறந்த கோவிந்தராசு தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், இது நீலச் சாயம்யா! சுடறதுக்கு முன்னாடி கருப்பாத்தான் இருக்கும்னு நேத்து சேந்தவனுக்குக்கூடத் தெரியுமே!"

உள்ளிருந்து பளபளவென்று ஒரு நீல ஆடு தும்மிக்கொண்டே வந்தது.

வேறு வழி? அதையே பிடித்துக்கொண்டு திட்டக்குடி பஸ் ஏறினான். "சாயம் சீட்டுல ஒட்டுமா?" என்று கேட்டார் கண்டக்டர். "சுட்ட சாயம், போவாதுங்க" என்றான். அந்த ஒரு பெருமைதான் அவனிடம் மிச்சமிருந்தது.

வாசலுக்கு வந்த ஆதிலட்சுமி ஆட்டைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதன் இரண்டு காதையும் தடவிப் பார்த்தாள்.

"கருப்பிக்கு ஒரு காது கிழிஞ்சிருக்குமே?"

"அப்படியா?"

"அதான பாத்தேன். என்னியும் வரைஞ்சு பாத்தீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆரம்பிச்சேன். மூக்குத்தி எந்தப் பக்கம்னு தெரியல, வுட்டுட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. "நடவுக்குப் போன எடத்துல அது தொலைஞ்சு ரெண்டு வருசம் ஆவுது. அன்னிக்கே அழுதுகிட்டு வந்து சொன்னேன். 'ம்'முன்னீங்க."

அப்போதுதான் நிமிர்ந்து அவள் மூக்கைப் பார்த்தான். மூக்குத்தி இல்லை. அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆடு அவள் முந்தானையை மென்று தின்ன ஆரம்பித்தது.

"இதுக்கு எதுனா தழை ஒடிச்சுப் போட்டீங்களா?"

"இல்ல புள்ள."

உள்ளே போனவள் பையோடு வந்தாள். "ஒங்களுக்காவ ஒண்ணும் வரல. ஒங்கள நம்பி வுட்டா இது பட்டினி கெடந்தே செத்துடும்."

பஸ்ஸில் ஆட்டை நடுவில் விட்டு உட்கார்ந்தார்கள். மேகம் நிறைய இருந்தது. காத்தவராயன் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. பெண்ணாடம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"என்னா, அப்புடி பாக்கறீங்க?"

"வலது பக்கம்" என்றான். தூர்ந்துகொண்டு வந்த சின்னத் துளை அங்கே இருந்தது.