காலண்டர் தாளில் போன பாஸ்வேர்டு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். நடுவில் முகத்தைச் சுளிக்கிறாள். அவள் மாட்டிக்கொண்ட கதை அல்லவா?

காலையில் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. கிழித்ததை எறிய மாட்டேன். கோயில் குங்குமம் மடிக்க அதைவிடத் தோதான தாள் கிடையாது. செய்தித்தாளில் மடித்தால் மை ஒட்டும், நெற்றியே கறுத்துப்போகும். அதை விடுங்கள்.

மருமகள் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வாரம்தான். நாலு வருஷம் வேலை தேடி அலுத்தவள். வீட்டிலிருந்தபடியே, கண் சிகிச்சை முகாமுக்கு வருகிறவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியல் எல்லாம் டேட்டாபேஸ் என்று எங்கோ இருக்கிறதாம். அதைத் திருத்த கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் வரும். பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் உள்ளே விடும். அன்றைக்கு விடவில்லை. தப்பு என்றும் சொல்லாமல், அதே பக்கம் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

வேன் வந்து நிற்கும் இடம் தாம்பரம். இவள் முந்தின நாள் பெருங்களத்தூர் என்று ஏற்றிவிட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாருக்கும் அப்படியே மெசேஜ் போய்விடும். பார்வை மங்கினவர்கள் மறுநாள் பெருங்களத்தூர் வெயிலில் வராத வேனுக்குக் காத்து நிற்பார்கள். இவள் வேலையும் போகும்.

“பாஸ்வேர்டை செவ்வாக்கிழமை தாள்ல எழுதி வச்சேனே அத்தை!”

“அதுலதான் குங்குமம் மடிச்சு மூணாவது தெரு அக்காவுக்குக் குடுத்தேன்.”

“இந்த வீட்ல ஒரு துண்டுப் பேப்பரையாவது விட்டு வைக்கிறீங்களா?”

அந்த அக்கா போனை எடுக்கவில்லை. முழங்கால் வலியோடு நடந்தேன். செம்பாக்கத்தில் இத்தனை பெரிய ஏரி இருந்து என்ன, அந்த நேரத்துக்கு ஒரு பொட்டுக் காற்று இல்லை. போய்ச் சேர்ந்தால் அக்கா சாவகாசமாகச் சொன்னாள்: “குங்குமத்தை டப்பால கொட்டிட்டு தாளை இப்பதானே குப்பைல போட்டேன். வண்டி அதோ திரும்புது பாரு.”

கையைத் தட்டிக்கொண்டே வண்டியைத் துரத்தினேன். குப்பை வாங்கும் பெண் நிறுத்தினாள்.

“இன்னா ஆயா, கம்மல் எதுனா குப்பைல பூட்ச்சா?”

“இல்லம்மா. ஒரு காலண்டர் தாளு.”

“தாளுக்கா இந்த ஓட்டம்? இன்னா பேஜாரு புடிச்ச வூடு உங்குளுது!”

சிரித்துக்கொண்டே தொட்டியைச் சாய்த்தாள். பால் கவருக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவில் குங்குமச் சிவப்போடு தாள் தெரிந்தது. பேனாக் கிறுக்கலும் இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, வாசனை தடுத்தது.

வீடு திரும்பும்போது மணி பதினொன்றரை. மருமகள் தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

“இதையேதான் அத்தை காலைலேர்ந்து போட்டுகிட்டு இருக்கேன்.”

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டக்கூடத் தெம்பில்லை.

ஆனால் அதுவரைக்கும் தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவள், ஆபீசுக்குப் போன் போட்டாள். பயந்து பயந்து அல்ல.

“பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறீங்களா மேடம்?” என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்கும் கேட்டது.

“கையிலயே வச்சிருக்கேன் சார், குங்குமத்தோட.”

பிரவுசரில் பழைய குக்கீ என்று ஏதோ சேர்ந்து கிடக்கும், அதை அழித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள் என்றார். அழித்தாள். போட்டாள். திறந்துகொண்டது! ஒவ்வொரு வரியிலும் பெருங்களத்தூரை எடுத்துவிட்டுத் தாம்பரத்தைப் போட்டாள். நான் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் பார்க்க எனக்கு எழுத்து வேண்டாம்.

பன்னிரண்டு தாண்டியதும் மெசேஜில் இருந்த இவள் நம்பருக்குப் போன் வந்தது. நடுங்கும் குரலில் ஒரு பெரியவர்: “வேனு தாம்பரத்துலதானேம்மா?”

“தாம்பரம்தான் ஐயா. தாம்பரமேதான்.”

மருமகள் இரண்டு தரம் சொன்னாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சோறு எப்போதோ ஆறிப்போயிருந்தது. எழுந்து சூடாக்க இருவருக்கும் முடியவில்லை, அப்படியே சாப்பிட்டோம்.