ஒன்பது மில்லி

என் மகள் மாலினி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அன்று, வேணும்னே விளையாடுகிறாள் என்று அதட்டினேன். மூன்றரை வயது. நீலசந்திராவில் அப்போது எங்களுக்கு ஒரே அறை. கதவிலிருந்து அடுப்புவரை வருவதற்குள் இரண்டு தடவை விழுந்தாள். சாயங்காலம் சாப்பிட்டதையெல்லாம் கக்கினாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கருவிழிகள் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. நிஸ்டாக்மஸ் (கண் தானாக ஆடுவது). பன்னிரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்குப் பெயர் உடனே நினைவுக்கு வந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை.

வலிப்பு வரும் பிள்ளைக்கு வீட்டில் மருந்து அளந்து ஊற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் ‘நமக்குத் தெரியாததா’ என்று நினைப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும். நானும் அப்படி நினைத்தவள்தான்.

மாலினிக்கு ஃபெனிடாயின் (வலிப்பை அடக்கும் மருந்து) சிரப் ஏற்கெனவே கொடுத்துவந்தோம். மறுபடியும் ஃபிட்ஸ் வந்ததால் டாக்டர் அளவைக் கூட்டினார். ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு ஏழு மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. “எத்தனை எம்.எல். வருதுன்னு நான் எழுதணுமா சிஸ்டர்? உங்களுக்குத் தெரியாத கணக்கா?” என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே மனசுக்குள் கணக்குப் போட்டேன். எடை 12.6 கிலோ. பதின்மூன்று என்று வைத்தேன். பதின்மூன்று ஏழு தொண்ணூற்றொன்று. பாதி நாற்பத்தைந்தரை. ஐம்பது என்று வைத்தேன். சிரப்பில் ஒரு மில்லிக்கு ஆறு மில்லிகிராம் மருந்து. அப்படியானால் எட்டே சொச்சம் வரும். ஒன்பது என்று வைத்தேன். ஒவ்வொரு படியிலும் மேலே தூக்கியது என் பயம். குறைந்தால் மறுபடி ஃபிட்ஸ் வந்துவிடுமே, பிள்ளை வாயில் நுரை தள்ளுமே என்ற பயம்.

சரியான கணக்கு 7.35 மில்லி. நடுவில் எங்கேயும் முழு எண்ணாக்கக் கூடாது. கடைசியில் ஒரே ஒரு தடவை, அதுவும் குழந்தைக்கென்றால் கீழ்ப்பக்கமாக, 7.3 என்று நிறுத்த வேண்டும். வார்டில் புதுப் பெண்கள் இதில் தப்பு செய்தால் வறுத்தெடுப்பவள் நான்.

மருந்து ஊற்றும் வேலை என் கணவர் முருகேசனுடையது. என் டூட்டி நேரம் அப்படி. சிரிஞ்சில் புள்ளிக் கணக்கு பார்ப்பது அவருக்குச் சிரமம் என்று நானே முடிவு செய்தேன். மருந்துக் கப்பில் ஒன்பதுக்கு நேராக ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, “இதுவரைக்கும் ஊத்துங்க, போதும்” என்றேன். அவர் லேத் பட்டறையில் டர்னர். முடி கனத்துக்கும் குறைவான அளவு பார்த்து இரும்பைக் கடைகிறவர். அவருக்குப் புள்ளி புரியாது என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த மருந்து ஓர் எல்லைவரை சாதுவாக இருக்கும். அதைத் தாண்டிக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும். மூன்று வாரத்தில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். “மருந்து சரியா அளந்து குடுக்குறீங்களா?” என்று டாக்டர் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

“ரெண்டு வேளையும் நான்தான் சார் குடுக்குறேன். கோடு தாண்டாம.”

“பாட்டிலை நல்லா குலுக்கிட்டு ஊத்துவீங்களா? இல்லேன்னா அடியில மருந்து கட்டியா தங்கி, கடைசியில ஊத்துறதுல அளவு கூடிடும்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “சில நாள் அவசரத்துல மறந்திருப்பேன் சார்.”

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது, அது உண்மை. ஆனால் வராந்தாவுக்கு வந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்கைப் படிப்படியாக எழுதிப் பார்த்தேன். 7.35 வந்தது. சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ரத்தத்தில் மருந்தின் அளவு தெரிய மூன்று நாள் ஆகும் என்றார்கள். அதுவரை மருந்தை நிறுத்தினார்கள். மூளையில் ஏதாவது இருக்குமோ என்று மறுநாள் ஸ்கேன். அசையாமல் இருக்க மயக்க ஊசி. “அம்மா, வேணாம்மா” என்று கதறியவளின் கையை நான்தான் அழுத்திப் பிடித்தேன். அந்த ஸ்கேன் தேவையில்லை என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் வேலை போகும், பெயர் போகும், அவர் என்ன நினைப்பார் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு பிள்ளையைப் பிடித்துக்கொடுத்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை லம்பார் பங்க்சர் (முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பது) என்றார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சீட்டை நீட்டினேன். படித்தார். குழாயை மூடவே மறந்து நின்றார்.

“நீங்களா போட்ட கணக்கு?”

“ஆமா டாக்டர்.”

“எப்ப தெரிஞ்சுது?”

“முந்தாநாள்.”

அவர் திட்டவில்லை. ஊசி வேண்டாம் என்று உள்ளே சொல்லிவிட்டு வந்தார். “வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க டாக்டர்” என்று அழுதேன். “அதை நான் சொல்ல மாட்டேன் சிஸ்டர். நீங்க சொல்லணும்” என்றார். மத்தியானம் ரத்தத்தின் முடிவும் வந்தது. மருந்து அதிகம்தான்.

இரண்டு வாரத்தில் மாலினி நேராக நடந்தாள். சரியான அளவில் மருந்தைத் திரும்ப ஆரம்பித்தோம். இந்தத் தடவை சிரிஞ்சு கொடுத்தேன். என் கணவர் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஊற்றுவதற்கு முன் பாட்டிலைக் குலுக்கு குலுக்கென்று குலுக்குவார். “போதுங்க” என்பேன். “இன்னொரு தடவை ஆட்டுறேன் இரு” என்பார். அந்தச் சத்தம் கேட்டால் நான் குழாயடிக்குப் போய்விடுவேன்.

வலிப்பு நின்று, மருந்தும் நின்று, பள்ளிக்கூடம் மாறி, மாலினி என் தோள் உயரம் வளர்ந்தாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சளிக்கு வாங்கிய மருந்தின் லேபிளை அவர் மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். “ஏம்ப்பா இத்தனை பயம்?” என்று கேட்டாள். “சின்னதுல அப்பா உனக்கு மருந்து தப்பா குடுத்துட்டேன்மா. நீ பொழச்சதே பெருசு” என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அதுக்கென்னப்பா” என்றாள்.

என்னால் முடியவில்லை. அங்கேயே, மகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். கணக்கு, பிளாஸ்திரி, சீட்டு, ஸ்கேன், எல்லாம். மாலினி எழுந்து வாசலுக்குப் போனாள். அவர் மருந்து பாட்டிலைக் கீழே வைத்தார்.

“பத்து வருஷமா சொல்ல வாய் வரலைங்க” என்றேன்.

“ஒன்பது வருஷம் ஏழு மாசம்,” என்றார் முருகேசன்.