பாவம் பார்த்து வாங்க வேண்டாம்

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து மலைக்குத் திரும்பிய அன்றே எங்கள் சுகாதார நிலையத்து நர்சம்மா என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மாத்திரை விஷயமாக இருக்கும் என்று போனேன். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எப்ப நடந்துச்சு?"

"என்னங்க நடந்துச்சு?"

"உன் வீட்டுக்காரர்..."

எனக்குக் கண் இருட்டியது. அவர் விடியக்காலையில்தான் மரவள்ளி லோடு ஏற்ற ரோட்டுக்குப் போயிருந்தார். லாரி, மலைவளைவு, கீழே பள்ளம், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. "அய்யோ, என்னங்க ஆச்சு அவருக்கு?" என்று கத்திவிட்டேன். நர்சம்மா என்னைவிட அதிகமாகப் பயந்துபோனார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தோள்பையை எடுத்து என் கையில் வைத்தார். நீலக் கைத்தறித் துணி, இரட்டை மடிப்பு வார், உள்ளே ஒரு சின்ன ஜிப். பார்த்ததும் தெரிந்தது. நாங்கள் தைத்தது. வாரில் தொங்கிய அட்டையில் நான் இருந்தேன்.

நர்சம்மாவின் மகள் சென்னையில் வேலை செய்கிறாள். கிறிஸ்துமஸுக்குத் தன் அம்மாவுக்கு எதைக் கொடுத்தாலும் அதனால் நாலு பேருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று தேடித் தேடி, போனிலேயே ஆர்டர் போட்டு வாங்கிய பை அது. அட்டையில் இங்கிலீஷில் நாலு வரி. நர்சம்மா தமிழில் சொன்னார். கணவனை இழந்த மலைத்தாய். காட்டுக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டவள். நீங்கள் வாங்கிய இந்தப் பையால் இவள் குழந்தைகள் இன்று இரண்டு வேளை சாப்பிடுகிறார்கள்.

ஒரு அட்டையை அச்சடித்து, பையில் கட்டி, சென்னைக்கு அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. தன் ஒரு வார லீவுக்குள் என் வீட்டில் இழவு விழுந்துவிட்டது என்றே நம்பிவிட்டார்.

"அவரு நல்லா இருக்காருங்க" என்றேன். அட்டையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் இந்த மலையில் திருப்புலி நாட்டுப் பகுதிக்காரர்கள். மிளகுக்கொடியும் மரவள்ளியும் கொஞ்சம் சாமையும் உண்டு. எங்கள் கிழங்கு ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரிக்கு லாரியில் போகிறது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் ராசிபுரத்தில் ஆறு மாதம் தங்கித் தையல் பழகினேன். எங்கள் ஊர்த் தையல் குழுவில் பதினோரு பெண்கள். நகரத்துக் கடை ஒன்று துணிக்கட்டை பஸ்ஸில் போட்டுவிடும். முள்ளுக்குறிச்சி வழியாக மேலே வந்து சேரும். குர்தாவும் பையுமாகத் தைத்துத் திருப்பி அனுப்புவோம். அந்தக் கடையை நடத்துகிற மேடம் நல்லவிதமாகத்தான் பேசுவார். கடைவாசலில் 'உங்கள் ஒவ்வொரு பரிசும் ஒரு நற்செயல்' என்று எழுதிப் போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

படம் எடுத்த நாளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். நான் தீபாவளிப் புடவை கட்டி, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நின்றேன். "இது வேண்டாங்க்கா, வேலைக்குக் கட்டுற பழைய சேலை ஏதாவது இருக்கா?" என்றார்கள். மாற்றிக்கொண்டு வந்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். தாலிக்கொடி பளபளவென்று வெளிச்சம் அடிக்கிறது, ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். விட்டுக்கொண்டேன். பிறகு என் வீட்டை விட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் இடிந்து கிடந்த ஆட்டுக்கொட்டகைச் சுவரோரமாக உட்காரவைத்தார்கள். வெயில் கண்ணில் அடித்ததால் முகத்தைச் சுளித்தேன். அந்தச் சுளிப்பைத்தான் துக்கம் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டியது நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்காரரிடம் அட்டையைக் காட்டினேன். முதலில் சிரித்தார். அதில் எழுதியிருந்ததை முழுக்கச் சொன்னபிறகு சிரிப்பு நின்றது. "விடு புள்ள, நம்மூர்ல இதை யாரு பாக்கப் போறா" என்றார். சொன்ன மூன்றாம் நாள், விஷயம் காதில் விழுந்த லாரி டிரைவரே அவரைப் பார்த்து, "ஏனுங்க, மேல போயிட்டு எப்பத் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி அவர் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

நான் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"அது உங்களைப் பத்தி இல்லம்மா. மலையில கஷ்டப்படுற பெண்களைப் பத்திப் பொதுவா எழுதினது" என்றார்.

"படம் என்னுதுதானுங்களே?"

"வாங்குறவங்க மனசைத் தொடணும்ல? அப்பத்தானே உங்களுக்கு ஆர்டர் வரும்?"

"அவங்களைத் தையலைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. மொதல்ல அட்டையை எடுங்க."

"ஆயிரக்கணக்குல அடிச்சு வெச்சிருக்கோம். தீரட்டும், அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் குழுக் கட்டடத்தில் விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "அட்டையில என்ன இருந்தா நமக்கென்ன, மாசாமாசம் வேலை வருதில்ல?" என்றாள் ஒருத்தி. எங்களுக்கெல்லாம் மூத்த ஒரு அக்கா மட்டும் மெஷினை நிறுத்தாமல் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கணவரை இழந்து ஏழெட்டு வருடம் ஆனவர். இரண்டு பெண்களைத் தனியாளாகக் காலேஜ் வரை கொண்டுவந்தவர். அந்தக் காஜாவை முடித்து, நூலை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"உன் புருசன் செத்துட்டாருன்னு பொய் எழுதினதால உனக்குக் கோவம். அந்த இடத்துல என் படத்தைப் போட்டிருந்தா அம்புட்டும் நெசந்தானே? அப்ப உனக்குக் கோவம் வந்திருக்குமா?"

வந்திருக்காது என்பதுதான் உண்மை.

"எனக்கு வந்திருக்கும்" என்றார் அக்கா. "எம் புருசன் சாவைத் துணியோட சேத்துக் கட்டி விக்கறதுக்கு இவங்க யாரு?"

அதுவரை என் மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த நிமிடத்தில் எங்கள் இரண்டு பேருடையதாக ஆகிவிட்டது.

பொங்கலுக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. நல்ல காரியத்துக்காகத் துணியும் பரிசுப்பொருளும் விற்கிற கடைகள் மட்டும் கூடுகிற இடம். மெஷின் போட்டு மக்கள் கண்ணெதிரே தைத்துக் காட்ட இரண்டு பேர் வேண்டும் என்று மேடம் கேட்டிருந்தார். 'உங்க மலைச் சேலைக்கட்டோட வாங்க' என்று குறிப்பு வேறு. நானும் அக்காவும் வருகிறோம் என்றோம்.

நான் என் முகூர்த்தப் பட்டைக் கட்டினேன். தாலிக்கொடியை எடுத்து வெளியே விட்டேன். அக்கா இஸ்திரி போட்ட மாம்பழக்கலர் சேலையும் கைக்கடிகாரமுமாக வந்தார். மேடம் எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கீங்க?" என்றார். "மண்டபம்னு சொன்னீங்களே" என்றார் அக்கா.

கடையின் பின்பக்கம் முழுக்க என் படம், ஆள் உயரத்துக்கு. அதன் அடியிலேயே எனக்கு மெஷின் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், அட்டையைப் படித்தார்கள், 'ச்சு' கொட்டினார்கள், பையை எடுத்தார்கள். கீழே உட்கார்ந்து தைக்கிறவளை ஒருவரும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பட்டுச்சேலை கட்டியவள் அந்தப் பாவப்பட்ட பெண்ணாக இருக்க முடியாது என்று நினைத்தார்களோ என்னவோ.

மதியத்துக்கு அப்புறம் ஒரு அம்மாவும் காலேஜ் படிக்கிற மகளும் வந்தார்கள். மகள் பச்சை குர்தா ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அக்குளில் பிடித்தது, கையைத் தூக்கவே சிரமப்பட்டாள்.

"டைட்டா இருக்கும்மா."

"பரவால்ல, வாங்கிக்க கண்ணு. பாவம், நல்ல காரியத்துக்குத்தானே. போடலைன்னாலும் போகுது."

மெஷினிலிருந்து காலை எடுத்தேன். அந்தக் குர்தாவைத் தைத்தது நான். இரண்டு நாள் உட்கார்ந்த வேலை. போடாமல் பீரோவில் கிடப்பதற்காக அதை யாரும் வாங்க வேண்டாம்.

"அக்குள்ல பிடிக்குதுன்னா வாங்காதீங்க" என்றேன். "டைட்டா இருக்கறதைக் காசு குடுத்து வாங்குவீங்களா எங்காவது? கையைத் தூக்கு சாமி, பாக்கறேன்."

அந்தப் பெண் திகைத்துப்போய்க் கையைத் தூக்கினாள். தையலைத் தடவிப் பார்த்தேன். "உள்ள துணி விட்டிருக்கேன். பிரிச்சு விட்டா அரை இஞ்சு கிடைக்கும். அஞ்சு நிமிசம் பொறு."

பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னையும் பின்னாலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, அது நீங்களா?"

"நாந்தானுங்க."

"அப்ப இதுல..." அட்டையைத் திருப்பினார்.

"எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருக்காருங்க. இன்னைக்குக் கிழங்கு புடுங்க ஆளுக விட்டிருக்காரு. எம் பையனும் பொண்ணும் மூணு வேளையும் சாப்பிட்டு, நடுவுல முறுக்கும் கேப்பாங்க. அதுல எழுதியிருக்கற எதுவும் நெசமில்லீங்க. குர்தா மட்டும் நெசம்."

என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையில் பை வைத்திருந்த ஒருவர் அதை மெல்ல வைத்துவிட்டு நகர்ந்தார். இன்னொரு வயதான பெண்மணிக்கு என்மேல்தான் கோபம். "உதவி பண்ண வந்தவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்றார்.

"உதவிக்கு நாங்க வரலீங்க. துணி விக்க வந்திருக்கோம்" என்றேன்.

மேடம் வேகமாக வந்தார். அதற்குள் அக்கா நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வரிசையாகத் தொங்கிய பைகளிலும் குர்தாக்களிலும் இருந்த அட்டைகளை ஒன்றொன்றாக வெட்டினார். பிசிறு வெட்டுகிற அதே வேகம், அதே நிதானம். துணியில் ஒரு கீறல் விழவில்லை. மேடம் அவர் கையைப் பிடிக்கப் போனார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மேடம் கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. இதோட முடிஞ்சுது" என்றார் மேடம்.

பச்சை குர்தாவை முடித்து, அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, கையைத் தூக்கிக் காட்டச் சொன்ன பிறகுதான் கிளம்பினேன். சரியாக இருந்தது. அந்த அம்மா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சேலம் வரை தூங்கினார். நான் இனி வேலை எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மேடம் சொன்னபடியே செய்தார். துணிக்கட்டு வருவது நின்றது. குழுவில் மூன்று பேர் என்னோடு பேசுவதை விட்டார்கள். ஒருத்தி என் வீட்டுவாசலுக்கே வந்து, "உனக்கு மிளகுக்கொடி இருக்குது, ரோசம் பாக்கற. எனக்கு என்ன இருக்குது?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அவளை உட்காரவைத்து, வருகிற முதல் வேலை அவளுக்குத்தான் என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மாசி மாதம் முழுக்க நான் ஏணி போட்டு மிளகு பறித்தேன். உள்ளூரிலிருந்தே ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைக்க வந்தபோது அவளுக்கே முதலில் கொடுத்தேன்.

நர்சம்மாவின் மகளுக்கு நடந்தது தெரிந்ததும், தான் ஏமாந்துபோனதாகவும் அந்தப் படத்தையும் அட்டையையும் எடுக்காவிட்டால் எல்லாரிடமும் சொல்வேன் என்றும் கடைக்கு எழுதினாளாம். நான் சொல்லி எடுக்காததைக் காசு கொடுத்தவள் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு நிம்மதியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. அவள் லீவில் மலைக்கு வந்தபோது என்னிடம், "நான் நல்லது பண்றேன்னுதான் நினைச்சேன் அக்கா" என்று கண் கலங்கினாள். "பை நல்லா இருக்குதா?" என்று கேட்டேன். "தினமும் ஆபீசுக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறேன். அம்மாகிட்ட இருந்து திருப்பி வாங்கிட்டேன்" என்றாள். போதும், நீ செய்த நல்லது அதுதான் என்றேன்.

சித்திரையில் கோயம்புத்தூர் அம்மா போன் செய்தார். சொந்தத்தில் கல்யாணம், பரிசாகக் கொடுக்க ஆறு குர்தா வேண்டும் என்று அளவு அனுப்பினார். குழுவில் கூடி உட்கார்ந்து தைத்தோம். அட்டை எதுவும் கட்டவில்லை. பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாளே மறுபடி போன்.

"ஏனுங்க, ஒண்ணுல காலர் ஒருபக்கம் ஏறிக்கிடக்குது. இப்படியா தைப்பீங்க? குடுக்கற காசுக்குப் பாத்துத் தைக்க வேண்டாமா?"

அவர் குரலில் இரக்கம் என்று ஒரு பொட்டு இல்லை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின்மேல் வைத்தேன். எல்லாரும் கேட்டோம். காலர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும், அக்காதான். அவர் முகம் சிவந்துவிட்டது. "திருப்பி அனுப்பச் சொல்லு, சரி பண்ணித் தாரேன்" என்றார் விறைப்பாக.

"அனுப்புங்க, சரி பண்ணித் தாரோம்" என்றேன் போனில். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.