இரு தோட்டத்து ஏற்றம்

இலங்கை மலைநாட்டில் பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகும் பெரிய சாலையில், ஓரிடத்தில் மலைப்பக்கமாக ஒரு வண்டிப்பாதை பிரிந்து மேலே ஏறும். அந்தப் பிரிவின் அடியில் ஒரு பெண் கடை வைத்திருந்தாள். ரொட்டி, வெற்றிலை, சுருட்டு, அவ்வளவுதான் கடை. பின்னால் கொட்டகையில் ஒரு ஜோடி மாடு நின்றது. அந்த மாடுகளை ஓட்டுவது என் வேலை. அங்கே நான் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். அதற்கு முன் எந்த இடத்திலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நான் தங்கியதில்லை.

அரிசி மூட்டை ஏற்றிய வண்டியை அந்த ஏற்றத்தில் ஒரு ஜோடி மாட்டால் இழுக்க முடியாது. அடியில் நிறுத்தி, முன்னால் இன்னொரு ஜோடியைச் சங்கிலி போட்டுக் கோக்க வேண்டும். நான்கும் சேர்ந்து இழுக்கும். மேலே போனதும் முன் ஜோடியைக் கழற்றிக்கொண்டு நான் கீழே இறங்கிவிடுவேன். இதற்குத் துணை மாடு என்று பெயர். வண்டிக்காரர்கள் கூலியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில்தான் அக்காவும் நானும் மாடுகளும் சாப்பிட்டோம்.

அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவள் புருஷன் வண்டிக்காரன். அல்துமுல்லைப் பக்கம் காய்ச்சல் கண்டு, வண்டிக்குள்ளேயே படுத்துச் செத்துப்போனான். வண்டி இற்றுப்போனது, மாடுகள் மிஞ்சின. ஒன்று செவலை, மற்றது மயிலை. சிறு வயதில் அவள் கொழுந்து எடுத்தவள். விடியலில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்குக் குளிரில் காத்து நின்றவள். மறுபடி அதற்குப் போகமாட்டேன் என்று இருந்தாள்.

"இதுக ரெண்டும் கால் ஊனி நிக்கிற வரைக்கும் நான் எவனுக்கும் கும்பிடு போட வேண்டியதில்ல தம்பி" என்பாள். "நாலு கால் இல்ல, எனக்கு எட்டுக் கால்."

நான் போய்ச் சேர்ந்த புதிதில் வேலை குறைவு. கீழ்த் தோட்டத்து வண்டிகள் மட்டும்தான் வரும். பாதையின் பாதி அந்தத் தோட்டத்து நிலம். நடுவில் ஒரு வளைவு; வளைவில் ஓடையின் மேல் சிறு பாலம். பாலத்தைத் தாண்டினால் மேல் தோட்டம். மேல் தோட்டத்துக்கு அப்புத்தளைப் பக்கமிருந்து சொந்தமாக ஒரு ரோடு இருந்தது. அதனால் இந்தப் பக்கம் அவர்களுக்கு வேலையில்லாமல் இருந்தது.

கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் ஆள் போதவில்லை. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கை வேண்டும். மேல் தோட்டத்துத் துரை, ஆட்கள் குடியிருக்கப் புது லயம் கட்ட இடம் தேடினார். அவர் நிலத்தில் சமதரையாகக் கிடைத்தது ஒரே இடம்தான். அது எல்லையில், பாலத்துக்குச் சற்று மேலே இருந்தது. அங்கே லயங்கள் எழுந்தன. நீளமாக, முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். சுண்ணாம்பு காய்வதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். திருச்சிப் பக்கத்துச் சனம். மழையில் நனைந்து, தலையில் சட்டிபானையோடு, எங்கள் கடையைத் தாண்டித்தான் வரிசையாக ஏறினார்கள். "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று ஒருவர் விடாமல் கேட்டார்கள். எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? நான் மேலே கை காட்டினேன்.

அந்தச் சனத்துக்கு அரிசி வேண்டும். சுற்றிக்கொண்டு அப்புத்தளை ரோட்டில் கொண்டுபோனால் லயத்துக்கு இறக்கும்போது மறுபடி தலைச்சுமைதான். எங்கள் ஏற்றம் நேரே லயத்து வாசலில் போய் முடியும். ஆகவே அரிசி, சுண்ணாம்பு, தகரம், கருவாட்டுக் கூடை, நோயாளியைத் தூக்கிவரும் நாற்காலி, எல்லாம் அந்த ஒரு பாதையில்தான் போய்வந்தன. சனிக்கிழமை அரிசி போடும் நாள் என்பதால் வெள்ளியன்று அடிவாரத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதலில் எங்களுக்குச் சந்தோஷம்தான். அக்கா ரொட்டிக்கு மாவு பிசையவே ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள்.

பாதை அதைத் தாங்கவில்லை. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் மண்ணைக் கிழித்தன. மழைத் தண்ணீர் அந்தக் கிழிசலில் ஓடியது. வளைவுக்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குக் குழிகள் விழுந்தன. சக்கரம் இறங்கினால் நான்கு மாடும் மண்டியிட்டு இழுக்க வேண்டும். நுகத்தடி அழுத்தி அழுத்தி இரண்டு மாட்டுக்கும் திமிலுக்கு முன்னால் புண் வைத்தது. செவலைக்குத்தான் அதிகம். வேப்பெண்ணெய் தடவுவேன், ஆறுவதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும்.

கீழ்த் தோட்டத்துத் துரை குழியை மூடவில்லை. "என் தேயிலை இறங்குறதுக்கு இந்த ரோட்டு போதும். அவன் அரிசி ஏறுறதுக்கு நான் ஏன் கல் போடணும்?" என்று சொன்னாராம். மேல் தோட்டத்துத் துரை, "குழி இருப்பது உன் நிலத்தில்" என்றாராம். இரண்டு பேரும் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் பொய் சொன்னால் பிடித்துச் சண்டை போடலாம்.

அக்கா இரண்டு பங்களாவுக்கும் நடந்தாள். நானும் கூடப் போனேன். கீழே, குசினி வாசலில் சமையற்கார அப்புவே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். மேலே, பெரிய கங்காணி வந்து பேசினார். நல்ல மனுஷர். புது லயத்துச் சனம் முழுவதும் அவர் கூட்டிவந்த ஆட்கள்.

"வண்டிய நிறுத்திடவா கங்காணி?" என்றாள் அக்கா.

"நிறுத்துனா என் சனம் என்னத்தத் திங்கும் தாயி? நேத்து வந்த பிள்ளைங்க."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அந்த வாரமும் மாட்டைக் கட்டினோம்.

கடைசியில் மேல் தோட்டத்துத் துரை பதுளைக்கு, கவர்மெண்டுக்கு எழுதிப் போட்டார். ரோட்டு வேலைகளைப் பார்க்கிற துரை ஒருவர் வந்து ஏற்றத்தைப் பார்ப்பார், இன்ன இன்ன தோட்டம் இவ்வளவு பங்கு போட்டுக் கல் பாவ வேண்டும் என்று உத்தரவு போடுவார் என்று அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். அன்று அக்கா எனக்கு ரொட்டிக்குச் சர்க்கரை வைத்துக் கொடுத்தாள். செவலையின் தாடையைச் சொறிந்தபடி, "பொறுத்துக்கடா, கல்லு வருது" என்றாள்.

ரோட்டுத் துரை வருவதற்கு முந்தின நாள் காலை, மேலேயிருந்து பெரிய கங்காணி தம் ஆட்களோடு இறங்கி வந்தார். மண்வெட்டி, கூடை, அலவாங்கு. கீழ்த் தோட்டத்துக் கங்காணிக்குச் சேதி எட்டியது. மேல் தோட்டத்தான் முந்திக்கொண்டால் மரியாதை என்னாவது என்று அவரும் தம் ஆட்களைக் கொண்டுவந்தார். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு குழியை மூட ஆரம்பித்தார்கள். மண் கொட்டி, அதன்மேல் மண்ணோடு வெட்டிய புல்லுக்கரணை பதித்து, மிதித்துச் சமப்படுத்தினார்கள். அத்தனை நாளாக ஒருவருக்காக ஒருவர் ஒரு கூடை மண் போடாத இரண்டு தோட்டமும் அன்று பாலத்தில் வந்து சந்தித்தன. கித்துள் ஓலையில் தோரணம் கட்டினார்கள். வளைவில் வாழைமரம் நட்டார்கள்.

அக்கா கரண்டியோடு கடையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன கங்காணி இது! குழியப் பாக்கத்தானே அந்த மனுசன் வாராரு? குழிய மூடிட்டா எதைப் பாப்பாரு?"

"பெரிய தொரை குதிரையில வாராரு தாயி. குதிரை கால் இடறுனா யாருக்குக் கேவலம்? வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டாம கொள்ளாமயா உக்கார வைப்ப?"

"வைத்தியன் வந்தா புண்ணு மேல பூவச் சுத்தியா காட்டுவீங்க?"

"அவருக்குத் தெரியாதா? படிச்சவரு. நாம வாயால சொல்லுவோம்ல. முதல்ல மரியாதை, அப்புறம் முறையீடு."

கூடை தூக்கிய பெண்கள் சிரித்தார்கள். "அக்கா, கரண்டியால குழி தோண்டப் போறியா?" என்றாள் ஒருத்தி. அக்கா அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் அவள் ஒருத்தி, அவர்கள் இரண்டு தோட்டம். சும்மா நிற்கிறானே என்று என் கையிலும் ஒரு கூடையைக் கொடுத்தார்கள். நானும் சுமந்தேன்.

மாலையில் கங்காணி கொட்டகைக்கே வந்துவிட்டார். மாடுகளும் வரவேற்பில் நிற்க வேண்டுமாம். குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் சாமந்தி மாலை போட்டார்கள். புண்ணில் ஈ மொய்த்தால் அசிங்கம் என்று மஞ்சளைக் குழைத்து அப்பினார்கள். மாலை அதன்மேல் விழுந்து மறைத்தது. "மாப்பிள்ளை தயார்" என்றான் ஒருவன். செவலை நல்ல அழகான மாடுதான். அன்று அது எனக்கே புது மாடு மாதிரி இருந்தது.

மறுநாள் ரோட்டுத் துரை வந்தார். சிவந்த, வயதான மனிதர். குதிரையை விட்டு இறங்கி ஏற்றம் முழுக்க நடந்தே போனார். புல்லுக்கரணையைத் தடியால் தட்டிப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பாஷை அவருக்குக் கொஞ்சம் வந்தது.

"எத்தனை வண்டி போவது?" என்று கேட்டார்.

பெரிய கங்காணி முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "எத்தனை வண்டி வந்தாலும் போகும் தொரை!" என்றார். கீழ்த் தோட்டத்துக் கங்காணி விட்டுக்கொடுப்பாரா? "இன்னும் வந்தாலும் போகும் தொரை!" என்றார்.

அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "தொரை, மாட்டு மாலையக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. கழுத்தப் பாருங்க தொரை."

அவள் வேகமாகப் பேசினாள். மாடு, மாலை என்ற சொற்கள் அவருக்கு எட்டியிருக்க வேண்டும். செவலையிடம் போய்க் கழுத்தில் தட்டிக் கொடுத்தார். அது துள்ளி விலகியது. "நல்ல மாடு. பலமான மாடு" என்றார். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலையை நான் தூக்கியிருக்கலாம் என்று யாரும் நினைக்கலாம். சுற்றிலும் அத்தனை துரைமார், கங்காணிமார். கை எழவில்லை. எழுந்திருந்தாலும் மஞ்சளைத்தான் பார்த்திருப்பார்.

அவர் போனபின் கங்காணி அக்காவிடம் வந்தார். "பாத்தியா, உன் மாட்டையே மெச்சுனாரு. கட்டாயம் கல்லு போடுவாங்க" என்றார். நம்பித்தான் சொன்னார்.

பதுளையிலிருந்து பதில் வரச் சில வாரம் ஆனது. பாதை நல்ல நிலையில் இருக்கிறது, இரண்டு தோட்டமும் சேர்ந்து நன்றாகப் பராமரிக்கின்றன, செலவு ஒன்றும் தேவையில்லை. இதுதான் பதிலின் சாரம் என்று கணக்கப்பிள்ளை கடை வாசலில் நின்று சொன்னார். மேல் தோட்டத்துத் துரைக்கு அதில் இன்னொரு விஷயம் தெரிந்தது. பாதை இன்னும் தாங்கும் என்று பெரியவர்களே எழுதிவிட்டார்கள். இன்னும் ஒரு வரிசை லயத்துக்குக் கல் இறக்கச் சொன்னார்.

அதற்குள் மழை பிடித்தது. கொட்டின மண் இளகி, புல்லுக்கரணை மிதந்து போனது. முன்பு குழியாவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது எங்கும் சேறு, எங்கே ஆழம் என்று தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அரிசி வண்டியை வளைவுக்குக் கீழே ஏற்றிக்கொண்டிருந்தோம். சக்கரம் இறங்கியது. வண்டிக்காரன் சக்கரத்துக்குப் பின்னால் கல் முட்டுக் கொடுத்தான். நான் குரல் கொடுத்தேன். செவலை முன்னங்காலை எடுத்து வைத்தது. கால் சேற்றுக்குள் போய் மாட்டிக்கொண்டது. மற்ற மூன்றும் இழுத்தன. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பின்னால் வண்டிகள் நின்றன. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் வழி வேண்டும். செவலையைக் கயிறு போட்டு ஓரமாக இழுத்தோம். மேலே லயத்தில் அரிசி எதிர்பார்த்திருந்த பெண்கள் இறங்கி வந்து, மூட்டையைப் பிரித்து, முந்தானையிலும் சட்டியிலும் அள்ளிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொருத்தியும் மாட்டைத் தாண்டும்போது "ஐயோ பாவம்" என்றாள். அவர்களும் என்ன செய்வார்கள்? அடுப்பில் உலை காத்திருந்தது.

அக்கா அதன் தலைமாட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கசாப்புக்காரன் ஒருவன் பெரகலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் விலை பேசாமல் திரும்பினான். மாடு உடனே சாகவில்லை. புல் போட்டேன், முகர்ந்து பார்த்தது. கங்காணி வந்தார். முண்டாசைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் என்ன தாயி கெடுதல் செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல கங்காணி" என்றாள் அக்கா. "போய்ச் சனத்துக்கு அரிசிய அளந்து போடு."

செத்தபின் ஓடைக்கரையில் புதைத்தோம். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு துணை மாடு ஓட்ட முடியாது. மயிலையை ஒரு வண்டிக்காரன், தன் ஒற்றைக்கு ஜோடி சேரும் என்று அல்துமுல்லைக்கு ஓட்டிக்கொண்டு போனான். ஏற இழுக்க மாடு இல்லாததால் வண்டிகள் அடிவாரத்திலேயே மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பின. வண்டி காத்து நிற்காத இடத்தில் ரொட்டி யார் வாங்குவார்கள்? மாவு பிசைந்த பெண்ணை முதலில் அனுப்பினாள். பிறகு கடையை மூடினாள்.

பெரிய கங்காணிதான் உதவினார். புது வரிசையில் ஒரு காம்பரா ஒதுக்கி, கொழுந்து எடுக்க அவள் பேரைப் பதிய வைத்தார். சுண்ணாம்பு வாசம் போகாத அறை. அவள் தகரப்பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

பதுளைப் பக்கம் கிளம்புவதற்கு முன் ஒரு சனிக்கிழமை சொல்லிக்கொள்ளப் போனேன். லயத்து வாசலில் பெண்களோடு பெண்ணாக, கையில் சாக்குப்பையோடு நின்றிருந்தாள். அடிவாரத்தில் இறக்கிய மூட்டைகள் தலைச்சுமையாக வந்துகொண்டிருந்தன. மழையில் வழுக்கி நேரமாகிவிட்டது. கொழுந்து எடுத்துக் கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க தம்பி போற?"

"தெரியலக்கா. பதுளை."

"சாப்பிட்டுப் போன்னு சொல்ல முடியாது. அரிசி இன்னும் ஏறல."

அவளுக்குப் பின்னால் நின்ற பெண், "இந்தப் பாதைய ஒழுங்கா வச்சிருந்தா வண்டி நேரா வந்திருக்கும்ல, யாரு பாக்கிறா" என்று முணுமுணுத்தாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, கீழே பாதையைப் பார்த்தபடி நின்றாள்.