நான்காவது மாடிக்குச் சற்றுக் கீழே

நகரத்தின் பாதிக் கட்டடங்களில் அவளை லிஃப்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நீலச் சட்டையும் இடுப்பில் ஸ்பேனர் பையுமாக வருவாள், வேலையை முடிப்பாள், போய்விடுவாள். நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து ஆட்களை வெளியே எடுத்து எடுத்து, பயம் ஒரு முகத்தை என்னவெல்லாம் செய்யும் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த முகத்தை ஒரு குறும்படத்தில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை பிடித்ததிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. சாப்பிட உட்காரும் கணவனின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டி, "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்பாள். அவன் திரும்புவதற்குள் சோறு ஆறிவிடும்.

கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு பெண் தனியாக லிஃப்டில் ஏறுகிறாள், அது நடுவழியில் நின்றுவிடுகிறது. நடிக்கச் சம்மதித்தவள் கணவனின் அக்கா, இவள் அண்ணி என்று கூப்பிடுகிறவள். நூலகத்தில் வேலை. நாள் பூரா அங்கே அடக்கிவைத்த குரலையெல்லாம் வீட்டுக்கு வந்து அவிழ்த்துவிடுகிறவள். "ஊர்ல வேற ஆளே இல்லையா, என் கழுத்தை ஏன் அறுக்கிற?" என்று சலித்துக்கொண்டாளே தவிர, படப்பிடிப்பு நாளில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவளும் அவள்தான்.

விடுமுறை நாள் மதியம். அலுவலகக் கட்டடம் காலியாகக் கிடந்தது. கூட வேலை செய்கிற ஒட்டகம் மேலே மோட்டார் அறையில் இருந்தான்; அவனுடைய உயரத்துக்கு அந்தப் பெயர். போனில் சொன்னால் லிஃப்டை நிறுத்துவான், ஓட்டுவான். வாசலில் இருந்த காவலாளியிடமும் சொல்லியாகிவிட்டது: "அபாய மணி அடிச்சா கண்டுக்காதீங்க. படத்துக்காக அடிப்போம்."

வெளியிலிருந்து கதவு மூடுகிற வைட் ஷாட், பொத்தானை அழுத்தும் விரல், மாறுகிற மாடி எண் எல்லாம் முடிந்தன. முகம்தான் பாக்கி. அதற்காக இருவரும் உள்ளே ஏறி, லிஃப்டை மேலும் கீழும் ஓடவிட்டார்கள்.

"நடுவுல நிக்காதீங்க அண்ணி. அந்த மூலைக்குப் போங்க."

"மூலையில நிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"நடுவுல நின்னா லிஃப்டே உங்களோடது மாதிரி இருக்கு. ஓரமா ஒடுங்கி நின்னு, மிச்ச இடம் பூரா வெறும் சுவரா தெரிஞ்சாத்தான் அது உங்களை முழுங்கின மாதிரி இருக்கும்."

அண்ணி ஒடுங்கினாள். ஆனால் பயப்படச் சொன்னால் பல்வலிக்காரி மாதிரி முகத்தைச் சுளித்தாள். திரும்பத் திரும்ப எடுத்தும் அதே பல்வலி.

அப்போதுதான் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்து, மூலையிலிருந்த சின்ன அவசர விளக்கு மட்டும் எரிந்தது. நான்காவது மாடிக்குச் சற்றுக் கீழே.

நிறுத்தச் சொல்லி ஒட்டகத்திடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. மின்சாரம் போயிருக்கிறது, பிரேக் பிடித்துவிட்டது. ஆபத்தே இல்லை.

"இதுவும் உன் வேலைதானா?" என்றாள் அண்ணி.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், போன் திரையைப் பார்த்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்த முகம். மேலுதட்டில் வியர்வை. பின்னால் அவள் கேட்ட அதே வெறும் சுவர். இத்தனை நாளாக அவள் தேடிய ஷாட் அது. வாயை மூடிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நீ நிறுத்தச் சொன்னியா?"

அவள் போனைத் தாழ்த்தவில்லை. அண்ணி அபாய மணியை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். கீழே காவலாளி சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்திருந்தான்.

"என் போன் வெளியில பையில கிடக்கு. உன் போன்ல மேல இருக்கறவனைக் கூப்பிடு."

கூப்பிட வேண்டுமென்றால் பதிவை நிறுத்த வேண்டும். "ஒரு நிமிஷம் அண்ணி," என்றாள். சொல்லிவிட்டு அரையடி முன்னால் போனாள், முகம் இன்னும் பெரிதாகத் தெரிவதற்காக.

திடீரென்று திரையில் முகம் இல்லை. சுவர் மட்டும் இருந்தது. கீழேயிருந்து ஒரு கை அவளுடைய கால்சட்டையைப் பிடித்து இழுத்தது.

"மூச்சு முட்டுதுடி..."

அவள் பதிவை நிறுத்திவிட்டு மோட்டார் அறைக்குப் போன் போட்டு, "ஒட்டகம், கையால இறக்கு, சீக்கிரம்!" என்று கத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணியின் தோளை அணைத்தாள். "விழாது அண்ணி. பிரேக் பிடிச்சிருக்கு. பயப்படாதீங்க."

அண்ணி தலையை நிமிர்த்தினாள். "நின்ன உடனேயே தெரியுமா உனக்கு?"

பொய் சொல்ல நா எழவில்லை. "தெரியும்."

தோளிலிருந்த கையை அண்ணி எடுத்துக் கீழே வைத்தாள். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி, கதவு திறந்ததும் அவள் தனியாகப் படியிறங்கிப் போனாள்.

வீட்டில் கணவன் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போனை மேசையில் வைத்தான். "இப்படி இருக்கறவங்களை எடுத்துக்கிட்டா நின்ன?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் அவள் அண்ணியின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவளிடம் போனை நீட்டினாள்.

"வேற எங்கயும் வைக்கல அண்ணி. நீங்களே அழிச்சிடுங்க."

அண்ணி கடைசிவரை பார்த்தாள். சுவர் மட்டும் தெரிகிற இடம் வந்ததும் உதடு துடித்தது. அழித்தாள். "நல்லாத்தான் எடுத்திருக்க. இப்பப் போ," என்றாள்.

முகமில்லாமல் படத்தை எப்படி முடிப்பது? ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். பிறகு அதே கட்டடத்தில், நான்காவது மாடி நடையில், தரையை ஒட்டிப் போனை வைத்தாள். ஃப்ரேம் முழுக்க மூடிய கதவு. நடுவில் நிறுத்தி விளக்கையும் அணைக்க முன்னமே சொல்லிவைத்துவிட்டு, தானே உள்ளே ஏறினாள். "நான் என்ன கத்தினாலும் பதில் சொல்லாத. கொஞ்ச நேரம் கழிச்சு இறக்கு," என்று ஒட்டகத்திடம் சொல்லியிருந்தாள். கதவைத் தட்ட ஆரம்பித்தாள். ஆபத்தில்லை என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? ஆனாலும் இருட்டில், கூப்பிட்ட குரலுக்கு யாருமே பதில் சொல்லாதபோது இன்னும் பலமாகத் தட்டினாள். கடைசியில் அவள் தட்டியது படத்துக்காக இல்லை.

சின்ன அரங்கில் படம் திரையிட்டபோது அண்ணி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் மூடிய கதவு மட்டும்தான். உள்ளிருந்து தட்டும் சத்தம், பிறகு குரல், பிறகு அதுவும் இல்லை. முன்வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார்.

"உள்ள யாரோட குரல்?" என்று வெளியே வந்து கேட்டாள் அண்ணி.

"என்னோடது."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் இன்னும் மறக்கல."

"தெரியும் அண்ணி."

"என்ன வேணா பண்ணு. கேட்டா பதில் சொல்லு. அவ்வளவுதான்."

"சொல்றேன்."

அதற்கப்புறமும் பல மாதம் அண்ணி தம்பியிடம்தான் மணிக்கணக்கில் பேசினாள். இவளிடம் ஒன்றிரண்டு கேள்விதான். ஒவ்வொன்றுக்கும் இவள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொன்னாள்.